நீலமலைக் காய்கறித் தோட்டத்தின் வரலாறு



ஜூபிலி மலர் என்றாலே ஆலயம் எழும்பிய வரலாறு, பணியாற்றிய குருக்களின் வரிசை, பக்த சபைகளின் அறிக்கை ஆகியவை இடம்பெறுவது மரபு. அவற்றையெல்லாம் இம்மலரின் ஏனைய பக்கங்களில் அன்பர்கள் செவ்வனே தந்துள்ளனர். நாம் சற்று வேறான ஒரு வரலாற்றை எழுத முன்வந்ததற்கு 'ஜூபிலி' என்னும் சொல்லே காரணம். பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், ஜூபிலி என்பது முதன்முதலில் மண்ணைப் பற்றிய சட்டமாகவே வகுக்கப்பட்டது தெரியவரும். ஏழாம் ஆண்டுதோறும் நிலத்துக்கு ஓய்வு தரவேண்டும். ஏழேழு ஆண்டுகள் கழிந்து வரும் ஐம்பதாம் ஆண்டில் விதைப்பும் அறுப்பும் கூடாது. கைமாறிப்போன நிலம் உரிய குடும்பத்துக்குத் திரும்பவேண்டும். தோரணமும் தேர்ப்பவனியும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை.

ஈக்காட்டுத்தாங்கலில் குடியிருக்கும் நமக்கு மண்ணோடு என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். தாங்கல் என்றால் பாசனத்துக்காக மழைநீரைத் தேக்கிய சிறு ஏரி. இன்று ஏரி ஊர்ப்பெயரில்தான் இருக்கிறது. ஒருபுறம் தொழிற்பேட்டை, மறுபுறம் அடுக்குமாடி வீடுகள், தலைக்கு மேலே 2015 முதல் மெட்ரோ ரயில். ஆயினும் மண்ணோடு நமக்குள்ள தொடர்பு அறுந்துவிடவில்லை. நூறடிச் சாலை வழியே கோயம்பேட்டுக்குப் போகும் காய்கறி லாரிகளில் அது நாள்தோறும் நம் வாசலைக் கடக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பி நாம் வைக்கும் குருமாவில் உள்ள கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு மூன்றில் ஒன்றுகூட இந்நாட்டின் பூர்வீகப் பயிர் இல்லை. அவை தமிழகத்தில் வேரூன்றியது நீலமலையின் குளிரிலே. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுகிறோம்.

மலையேறிய முதல் ஐரோப்பியர்

நீலமலையைப் பற்றி எழுதிவைத்த முதல் ஐரோப்பியர் சேசு சபைக் குருவாகிய ஜாக்கோமோ பெனிசியோ என்னும் இத்தாலியர். மலைமேல் பண்டைக் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்னும் செய்தி மலையாள நாட்டில் பரவியிருந்தது. அங்கமாலி ஆயர் பிரான்சிஸ் ரோஸ் ஆண்டகையின் விருப்பப்படி, 1603-ஆம் ஆண்டில் பெனிசியோ அடிகள் மேற்குச் சரிவு வழியாக மலையேறினார். அங்கே அவர் கிறிஸ்தவர்களைக் காணவில்லை. எருமை மேய்க்கும் தோதவரையும், உழுது பயிரிடும் படுகரையும் கண்டார். அவர் எழுதிய கடிதத்தை 1906-இல் ரிவர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் தோதவரைப் பற்றிய தம் நூலில் பிற்சேர்க்கையாக வெளியிட்டார்.

இச்செய்தி நம் பொருளுக்கு முக்கியமானது. வெள்ளைக்காரர் வருமுன் மலை வெறுங்காடாகக் கிடந்தது என்று பலரும் நினைக்கின்றனர். அது தவறு. படுகர்கள் ராகியும் சாமையும் வாற்கோதுமையும் அவரையும் பயிரிட்டு வந்தனர். எந்தச் சரிவில் காலை வெயில் முதலில் விழும், எந்தப் பள்ளத்தில் பனி தங்கும், எந்த மாதத்தில் விதை போட்டால் அழுகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புதிய விதைகள் வந்தபோது, அவற்றை விளைவிக்கும் அறிவு மலையில் ஏற்கெனவே இருந்தது.

சலிவனும் அரசுத் தோட்டங்களும்

கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819-ஆம் ஆண்டில் மலையேறிக் கோத்தகிரியை அடுத்த திம்பட்டிப் பகுதியை அடைந்தார். அருகிலுள்ள கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்றும் நினைவகமாக நிற்கிறது. மலையின் தட்பவெப்பம் தம் தாய்நாட்டை ஒத்திருப்பதைக் கண்ட அவர், ஐரோப்பிய விதைகளை வரவழைத்து உருளைக்கிழங்கு, கோசு போன்றவற்றைப் பயிரிடச் செய்தார். பின்னர் உதகைக்குக் குடிபெயர்ந்து, ஓடையை மறித்து ஏரி அமைத்தார். மலைநிலம் தோதவருக்கே உரியது, அதை எடுத்தால் ஈடு தரவேண்டும் என்று மேலதிகாரிகளிடம் அவர் வாதாடினார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

அதன்பின் அரசு தானே முயன்றது. 1830-ஐ ஒட்டி, ஆளுநர் லஷிங்டன் காலத்தில், கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரு சோதனைப் பண்ணை தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது. 1845-ஐ ஒட்டி உதகை வாழ் ஐரோப்பியர் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டுத் தங்கள் சமையலுக்கென்றே ஒரு காய்கறித் தோட்டம் வைத்தனர். அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆளுநர் ட்வீடேல் பிரபுவின் ஆதரவில் அம்முயற்சி பொதுத் தோட்டமாக மாறி, லண்டன் கியூ பூங்காவில் பயின்ற மெக்ஐவர் என்பவர் 1848-இல் பொறுப்பேற்றார். இன்று மே மாத மலர்க் கண்காட்சிக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோமே, அந்தத் தாவரவியல் பூங்காதான் அது. கோசுக்கும் கிழங்குக்கும் போட்ட பாத்தியிலிருந்து பிறந்த பூங்கா என்பதை அங்கே செல்வோரில் சிலரே அறிவர்.

பண்ணை மூடப்பட்டது, சந்தாத் தோட்டம் பூந்தோட்டமாயிற்று. ஆனால் காய்கறி மலையைவிட்டுப் போகவில்லை. படுகர் ஊர்களின் வயல்களுக்கு அது இறங்கிவிட்டது. குன்னூர் மலைப்பாதை 1830-களில் திறந்ததும், மலை ரயில் 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் எட்டியதும், விளைச்சல் சமவெளிக்கு வர வழியாயின.

குளிரும் குறுகிய பருவமும்

குளிர்மலையில் காய்கறி வளர்ப்பது எளிது என்று சமவெளியில் இருப்போர் எண்ணுவதுண்டு. உண்மையில் அங்கே காலம் மிகவும் குறுகியது. இங்கிலாந்தில் பயிர்க்காலத்தை முடிப்பது ஒன்றே: பனிக்காலம். நீலமலையில் இரண்டு பகைகள் உண்டு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி; ஜூன் முதல் நவம்பர் வரை இரு பருவமழைகளின் சீற்றம். இவ்விரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளிகளில்தான் விதைத்து அறுக்கவேண்டும். உருளைக்கிழங்கு ஏறத்தாழ 120 நாள் கேட்கும். கேரட் 100 நாளுக்கு மேல். பீன்ஸ் மூன்று மாதத்துக்குள். முள்ளங்கி ஒன்றரை மாதம். பத்து நாள் பிந்தினால் ஒரு போகமே போய்விடும்.

ஆனால் இயற்கை ஓர் உதவியும் செய்திருக்கிறது. நீலமலை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம் கிடைக்கிறது. எனவே ஐரோப்பியப் புத்தகங்களில் உள்ள விதைப்பு அட்டவணை அங்கே செல்லாது. மலை விவசாயிகள் தமக்கென்று ஒரு பஞ்சாங்கம் வகுத்தனர். சித்திரை மழையை நம்பி விதைப்பது கார்போகம். ஆவணி வாக்கில் விதைப்பது கடைபோகம். தை, மாசியில் ஓடைநீரைப் பாய்ச்சி விளைவிப்பது நீர்போகம். ஓர் ஆண்டில் மூன்று விளைச்சல் என்பது குளிர்நாடுகளில் கனவிலும் காணாதது.

உறைபனியின் தன்மையைச் சற்று விளக்குவோம். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் நிலத்தின் சூடு மேலே போய்விடுகிறது. தரையையொட்டிக் குளிர்ந்த காற்று கனமாகி, நீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால் மேட்டுப் பயிர் பிழைக்க, பள்ளத்துப் பயிர் விடியுமுன் கருகிப்போகிறது. ஆனால் நீரும் வண்டலும் உள்ள நல்ல நிலம் பள்ளத்தில்தான்! பாலாடா என்று அங்கே வழங்கும் இத்தகைய நிலத்தில், கோசு, கேரட், பூண்டு முதலிய குளிர் தாங்கும் பயிர்களைப் பனிக்காலத்துக்கு விட்டு, உருளையையும் பீன்ஸையும் பனி நீங்கியபின் போடுவது வழக்கம். மீறிப் பனி விழுந்தால், சூரியன் எழுமுன்னே விவசாயிகள் வயலுக்குச் சென்று பயிர்மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். நாம் போர்வைக்குள் புரளும் மார்கழி விடியலில் அவர்கள் கை விறைக்க நிற்கிறார்கள்.

விதையிலும் ஒரு நுட்பம் உண்டு. கோசு, கேரட், பீட்ரூட் ஆகியவை ஈராண்டுப் பயிர்கள். முதல் பருவத்தில் இலையிலும் கிழங்கிலும் உணவைச் சேர்த்துவைக்கும். ஒரு கடுங்குளிரைக் கடந்தபிறகே பூத்து விதைக்கும். நாம் உண்பது, அடுத்த பருவத்துக்கென்று அச்செடி சேமித்த சோற்றை. சமவெளியில் அந்தக் குளிர் கிடைக்காததால், ஐரோப்பிய ரகங்களின் விதைக்கு நம் நாடு நெடுங்காலம் வெளிநாட்டையும் குவெட்டா போன்ற குளிர்ப் பகுதிகளையும் நம்பியிருந்தது. பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விடவே, 1949-இல் இமயமலைக் குலுப் பள்ளத்தாக்கில் கட்ராயின் என்னும் இடத்தில் காய்கறி விதை நிலையம் அமைக்கப்பட்டது.

விளைவித்தவர் கைக்கு வந்தது என்ன?

விளைச்சல் பெருகியது, விளைவித்தவர் வாழ்வு அவ்வளவில் உயரவில்லை. மலை உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு வந்து ஏலம் போகும். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்த மண்டிக்காரரிடமே சரக்கைப் போட்டாக வேண்டும். கடன் கொடுத்தவரே விலையும் சொன்னால், விவசாயிக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்நிலையை மாற்ற முன்வந்தவர் படுகர் தலைவரும் சென்னைச் சட்டமன்ற உறுப்பினருமான ராவ் பகதூர் ஆரி கவுடர். 1935-இல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் அவர் முயற்சியால் தோன்றியது. விவசாயிகளே உறுப்பினர், சரக்கை ஒன்றாய்க் கொண்டுவந்து ஒன்றாய் விற்பார்கள், உரமும் விதையும் சங்கமே தரும். தனித்தனியே வலுவற்றவர்கள் கைகோத்து நின்றதால் கிடைத்த பலத்துக்கு இச்சங்கம் நல்ல சான்று. மேற்கு மாம்பலத்தில் அயோத்தி மண்டபம் இருக்கும் சாலையை நம்மில் பலர் அடிக்கடி கடக்கிறோம். 'ஆரிய கவுடா சாலை' என்று வாய்வழக்கில் திரிந்துவிட்ட அந்தப் பெயர் இந்த ஆரி கவுடரின் பெயரே. மலை விவசாயியின் நியாய விலைக்காகப் பாடுபட்டவர் பெயர் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

இன்னொரு கூட்டத்தாரையும் நினைவுகூர வேண்டும். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழரில் பல குடும்பங்கள் நீலமலையில் குடியேறின. தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறி வயல்களிலும் அவர்கள் கூலிவேலை செய்கின்றனர். இலங்கையில் அவர்களுடைய முன்னோர் வாழ்ந்த மலைநாட்டிலும், சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848-ஐ ஒட்டி நுவரெலியாவில் பண்ணை அமைத்த நாள் தொடங்கி, இதே கோசும் கிழங்கும் விளைகின்றன. இரு மலைகளிலும் களையெடுத்த கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகள். வரலாற்று நூல்களில் சலிவனின் பெயர் உண்டு. அவர்கள் பெயர் எங்கும் இல்லை.

ஓய்வில்லா மண்ணின் பதில்

இனி இவ்வரலாற்றின் கசப்பான பகுதிக்கு வருவோம். உதகையில் சந்தாத் தோட்டம் போட்ட அதே 1845-ஆம் ஆண்டில், அயர்லாந்தில் உருளைக்கிழங்கு வயல்கள் கருகத் தொடங்கின. இலைக்கருகல் நோய் என்பது அதன் பெயர். ஏழை மக்கள் ஒரே பயிரை, அதிலும் பெரும்பாலும் ஒரே ரகத்தை நம்பியிருந்ததால், 1849-க்குள் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அதே அளவினர் கப்பலேறி நாட்டைவிட்டு வெளியேறினர். அப்பஞ்ச காலத்திலும் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று என்பது மனச்சாட்சியை உலுக்கும் செய்தி. அந்நாளில் சென்னையில் அப்போஸ்தலிக்கப் பதிலாளாக இருந்த ஜான் பெனலி ஆண்டகையும் அயர்லாந்து நாட்டவரே. சொந்த மண்ணிலிருந்து வந்த கடிதங்கள் அவர் நெஞ்சை எவ்வாறு அறுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே நோய் 1870-க்கும் 1880-க்கும் இடையில் நீலமலைக்கும் வந்து சேர்ந்தது. மழையும் மூடுபனியும் சேர்ந்து நாலைந்து நாள் நின்றால் போதும். பச்சை வயல் கறுத்துவிடும். 1957-இல் உதகையை அடுத்த முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அந்நாளில் கருகலை எதிர்த்து நின்ற குப்ரி ஜோதி என்னும் ரகம் 1968-இல் நாட்டுக்குக் கிடைத்தது.

இதற்கிடையே, 1961-இல் மண்ணுக்குள் மற்றொரு பகை கண்டறியப்பட்டது: வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு. கடுகினும் சிறிய அதன் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் பல ஆண்டுகள் உயிரோடு உறங்கும். உருளையின் வேர் அருகே வந்ததும் விழித்தெழும். நீலமலையிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக்கூடாது என்று அரசு தடைவிதிக்க நேர்ந்தது. எதிர்ப்புத்திறன் உள்ள குப்ரி ஸ்வர்ணா ரகம் 1985-இல் வந்தது. ஆயினும் அறிஞர்கள் கூறும் முதல் மருந்து மிகப் பழையது. அதே நிலத்தில் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு உருளை போடாதீர்கள். கோசு, கேரட், பீன்ஸ், பூண்டு என்று மாற்றிப் போடுங்கள். உண்ண வேர் கிடைக்காமல் புழு தானே குறைந்துபோகும் என்பதே அது.

லேவியர் நூலைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நிலத்துக்கு ஓய்வு கொடு என்பது வழிபாட்டுச் சட்டம் மட்டும் என்று எண்ணியிருந்தோம். அது வேளாண்மைச் சட்டமும்கூட என்று நீலமலை மண் சாட்சி சொல்கிறது.

உருளையில் நட்டமடைந்த பலர் வயலைத் தேயிலைக்கு மாற்றினர். 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது, சிலர் மறுபடி காய்கறிக்குத் திரும்பினர். கூடுதல் நிலம் வேண்டிச் செங்குத்தான சரிவுகளையும் கொத்தினார்கள். கிடைமட்டமாகப் படிக்கட்டு வெட்டாமல் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்ட இடங்களில், ஒவ்வொரு மழைக்கும் மேல்மண் ஓடையில் கலக்கிறது. கட்டடங்களும் மரம் வெட்டலும் சேர்ந்து மலையின் பிடிமானத்தைத் தளர்த்தின. 2009 நவம்பரில் சில நாள் மழையில் நீலமலையின் பல இடங்கள் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆறாண்டு கழித்து, 2015 டிசம்பரில், அடையாற்று வெள்ளம் நம் தெருக்களில் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலையில் நீர் இறங்கப் படிக்கட்டு இல்லை. இங்கே நீர் தங்கத் தாங்கல் இல்லை. இரண்டும் ஒரே பாடம்.

நமக்குரிய பங்கு

வேளாண்மைக் கல்விக்கும் நம் சுற்றுப்புறத்துக்கும் உறவு உண்டு. நம் பக்கத்துச் சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண்மைப் பள்ளிதான் 1906-இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதன் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உதகையிலேயே இயங்குகிறது.

சென்னைக்கும் ஒரு குறுகிய குளிர்காலம் உண்டு. கார்த்திகைப் பெருமழை ஓய்ந்ததிலிருந்து மாசி முடியும்வரை சுமார் தொண்ணூறு நாள். மலையைப் போலவே இங்கும் நாளை எண்ணித்தான் விதைக்கவேண்டும். மொட்டைமாடித் தொட்டிகளில் முள்ளங்கி, பீட்ரூட், நூக்கோல், வெந்தயக்கீரை, கொத்துமல்லி ஆகியவற்றை அக்காலத்தில் நன்றாக எடுக்கலாம். நாற்றை மழை ஓயுமுன்பே நிழலில் வளர்த்து வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரம் மிச்சமாகும். ஒரு தொட்டியில் சென்ற ஆண்டு போட்டதை இவ்வாண்டு போடாதீர்கள். பங்குனி வெயில் ஏறியபின் கோசுக்காகப் போராடாமல், கத்தரிக்கும் வெண்டைக்கும் இடம் கொடுத்துவிடுங்கள்.

முடிவாக, பங்கு மக்களிடம் நாம் வேண்டுவன சில. வீட்டு வாசலுக்குக் கூடை சுமந்துவரும் அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள்; அந்த விலையில் மண்டி, லாரி, கடன் எல்லாம் போக, விதைத்தவருக்குச் சேர்வது மிகச் சிறிது. கேரட் விலை ஏறியது என்று முணுமுணுக்கும் வாரத்தில், மலையில் பனி விழுந்திருக்குமோ, மண் சரிந்திருக்குமோ என்று ஒரு கணம் நினையுங்கள். நம் ஆலய வளாகத்தில் சிமெண்ட் போடாமல் மிச்சமிருக்கும் மண்தரையை அப்படியே விட்டுவைப்போம். மழைநீர் இறங்க அது வேண்டும். மறைக்கல்விப் பிள்ளைகள் மார்கழியில் அதன் ஓரத்தில் நாலு பாத்தி போட்டு முள்ளங்கி விதைக்கட்டும். ஜூபிலி ஆண்டின் நினைவாக அதில் ஒரு பாத்தியைத் தரிசாகவே விடச் சொல்லியிருக்கிறோம். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெற்றோர் இக்கட்டுரையைப் படித்துச் சொல்வார்களாக.

மண்ணையும் மழையையும் தந்த இறைவன், மலையில் உழைப்போரையும் நம் பங்கின் குடும்பங்கள் அனைத்தையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.

– பங்குத் தந்தை